நீர்வடிப்பகுதி ஆய்வில் பிஎச்டி, அப்புறம் கல்லூரி ஆசிரியர் வேலை: இது நடக்கிற காரியமா?

வராகநதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் எம்எஸ்சி நிலவியல் முடித்திருக்கிறேன். ஊர் பெரியகுளம் பக்கம். வராகநதி உபபடுகையின் மார்ஃபோமெட்ரிதான், அதாவது நிலத்தின் வடிவத்தையும் ஓடை அமைப்பையும் எண்களில் அளப்பதுதான், என் ப்ராஜெக்ட். எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி ரேடார் உயரத் தரவை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஓடைகளைப் பிரித்து, வடிகால் அடர்த்தி, பைஃபர்கேஷன் ரேஷியோ (ஓடைகள் கிளை பிரியும் விகிதம்) எல்லாம் கணக்குப் போட்டு அட்டவணை கொடுத்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. ஆனால் சோத்துப்பாறை அணைக்கு மேலே எந்த ஓடை கோடையிலும் ஓடுகிறது, எது மாசியிலேயே வற்றுகிறது, ஏன் என்று எங்கள் ஊர் விவசாயி ஒருவர் கேட்டபோது அந்த அட்டவணையில் பதில் இல்லை. அதிலிருந்து இந்தக் கேள்வியை விட மனம் வரவில்லை.

நீர்வடிப்பகுதி, அதாவது மழைநீர் வழிந்து ஒரே ஓடைக்கு வந்து சேரும் நிலப்பரப்பு, அதைப் பற்றிய அறிவியலில் பிஎச்டி செய்து, பிறகு ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்த வேண்டும் என்று ஆசை. வீட்டில், சென்னையிலோ பெங்களூரிலோ ஜிஐஎஸ் (கணினி வரைபட) கம்பெனியில் சேர்ந்துவிடு, சம்பளமாவது வரும் என்கிறார்கள். சீனியர் ஒருவர், "உதவிப் பேராசிரியர் என்றால் வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதோடு நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை, அட்மிஷன் வேலை, இதில் ஆராய்ச்சி எங்கே? இரண்டில் ஒன்றை இப்போதே தேர்ந்தெடு" என்றார்.

இந்தத் துறையில் உண்மையிலேயே பணியிடம் இருக்கிறதா? நிலவியல் படித்தவள் எந்த வழியாக உள்ளே போக வேண்டும்? ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒன்றாகப் போகுமா? அனுபவம் உள்ளவர்கள் நேராகச் சொல்லுங்கள், கசப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

மழைமானி எழுதியது:

அம்மா, அரசு உதவி பெறும் கல்லூரியில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

"நீர்வடிப்பகுதி அறிவியல் உதவிப் பேராசிரியர்" என்று ஒரு விளம்பரத்தை நீங்கள் பார்ப்பது அபூர்வம். பணியிடம் எல்லாம் துறை வாரியாகத்தான் வரும்: நிலவியல், புவியியல், சிவில், வேளாண் பொறியியல், சுற்றுச்சூழல் அறிவியல். அதனால் உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்பதை விட, உங்கள் முதுகலைப் பட்டமும் பிஎச்டி பதிவும் எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறவர் முதலில் பார்ப்பார். அருமையான ஆய்வு செய்தவர்கள் பட்டத்தின் பெயர் பொருந்தவில்லை என்பதற்காக நேர்காணல் வரைக்குமே போக முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் நிலவியலில் எம்எஸ்சி, எனவே முடிந்தவரை நிலவியல் அல்லது புவி அறிவியல் பெயரிலேயே பிஎச்டி பதிவு செய்துகொண்டு, ஆய்வை நீரியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு. நிலவியலுக்கு யுஜிசி நெட்டில் தனித்தாள் கிடையாது, சிஎஸ்ஐஆர் நெட்டில் புவி அறிவியல் தாள்தான் உங்களுடையது. அதில் நீரியல், நிலத்தடி நீர் எல்லாம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைத்துவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37 ஆயிரம், பிறகு 42 ஆயிரம், வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் பேசுவதற்கு இந்த எண்ணே போதும். உதவிப் பேராசிரியர் ஆவதற்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சிதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்டி கட்டாயமில்லை என்று யுஜிசி 2023 ஜூலையிலிருந்து வைத்திருக்கிறது. ஆனால் இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் பிஎச்டி இல்லாமல் நகர முடியாது.

கசப்பையும் கேட்டீர்கள். அரசு கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடம் ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) வழியாக வரும், அது வருடா வருடம் வராது. நடுவில் கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் பல வருடம் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்கு ஒரு மாற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கு யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு உங்கள் பட்டத்துக்கே உரியது. கேட் தேர்வில் நிலவியல் தாளும் எழுதி வையுங்கள். எல்லாத் தேர்வுகளின் பாடத்திட்டமும் பெரும்பகுதி ஒன்றுதான், ஒரே படிப்பில் எல்லாவற்றையும் எழுதிவிடலாம்.

கலிங்கு எழுதியது:

தேர்வு விஷயத்தை மேலே ஐயா சொல்லிவிட்டார். நான் ஆராய்ச்சியைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அந்த விவசாயி கேட்டது முதல் தரமான ஆய்வுக் கேள்வி, அதை வேறு யாராவது மழுங்கடித்து மறுபடியும் ஒரு மார்ஃபோமெட்ரி தலைப்பாக மாற்றிவிடக் கூடாது.

நம் பல்கலைக்கழகங்களில் நீர்வடிப்பகுதி என்று வரும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை நான்கைந்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெயிட்டேஜ் கொடுத்து, "நிலத்தடி நீர் வளமுள்ள மண்டலங்கள்" என்று பச்சை மஞ்சள் சிவப்பில் ஒரு படம் போட்டு முடிகின்றன. இல்லையென்றால் ஸ்வாட், அதாவது மழை, மண், நிலப்பயன்பாட்டை வைத்து நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி மாடல். ஸ்வாட் நல்ல கருவிதான், அமெரிக்க வேளாண் துறைக்காரர்கள் உருவாக்கி இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் அளந்த நீரோட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாத மாடல் என்ன சொன்னாலும் அதை நம்ப முடியாது. பெரிய ஆறுகளில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் சின்ன ஓடைகளில் யார் அளக்கிறார்கள்? அங்கேதான் உங்கள் விவசாயியின் கேள்வி இருக்கிறது.

நம் மாநிலத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. உதகமண்டலத்தில் மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954 முதல் இயங்குகிறது. அவர்கள் நீலகிரியில் கிளென்மார்கனில் அருகருகே இருக்கும் இரண்டு சிறு நீர்வடிப்பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். சில வருடங்கள் இரண்டையும் அப்படியே விட்டு ஓட்டத்தை மட்டும் அளந்தார்கள். பிறகு 1972இல் ஒன்றின் புல்வெளியில் மட்டும் யூகலிப்டஸ் நட்டார்கள், இன்னொன்றைச் சோலையும் புல்லுமாக விட்டுவிட்டார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் மரம் நட்ட பகுதியிலிருந்து வரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்து வந்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, கோடை ஓட்டமும் நன்றாகவே அடி வாங்கியது. கீழே நீர்மின் அணைகள் இருக்கிற மலையில் இது எவ்வளவு பெரிய செய்தி! சும்மா "மரம் நட்டால் மழை வரும், ஆறு ஓடும்" என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களைத்தான் நான் காட்டுவேன். எந்த மரம், எந்த இடத்தில், எதை அழித்துவிட்டு என்று கேட்க வைக்கிற எண்கள் அவை. உங்கள் பழனி மலையிலும் யூகலிப்டஸும் பைனும் புல்வெளியை விழுங்கியிருக்கின்றன. சோத்துப்பாறைக்கு மேலே இரண்டு ஓடைகளை நீங்கள் அப்படி ஒப்பிட முடியுமானால் அதுவே ஒரு வாழ்நாள் வேலை.

கைடு தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேப்பர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். அவரிடம் இப்போது இருக்கும் ஸ்காலர்களிடம் தனியாகப் பேசுங்கள். களத்துக்குப் போக வண்டிச் செலவு யார் கொடுக்கிறார்கள், கருவி வாங்க ப்ராஜெக்ட் நிதி இருக்கிறதா, தரவு யார் பெயரில் போகிறது என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம், சென்னை ஐஐடி சிவில் துறை, கோவை வேளாண் பல்கலைக்கழகம், உங்களுக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம், வெளியே போக மனமிருந்தால் ரூர்க்கி ஐஐடியின் நீரியல் துறை, அதே ஊரில் தேசிய நீரியல் நிறுவனம், கோழிக்கோட்டில் நீர்வள மேம்பாட்டு மையம் என்று இடம் பல இருக்கிறது. எல்லா இடத்துக்கும் இந்த ஒரே கேள்விப்பட்டியலோடு போங்கள்.

வராகநதி எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கிளென்மார்கன் பற்றி எங்கள் வகுப்பில் யாரும் சொன்னதே இல்லை, இவ்வளவு பக்கத்தில் நடந்ததை!

ஒரு சந்தேகம். நான் சொல்லும் ஓடைகள் எல்லாம் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. அனுமதி கிடைக்குமா? அப்புறம், பெண்ணாக இருந்துகொண்டு மலைக்குள் வருடக்கணக்கில் அளவெடுக்கப் போவது நடைமுறையில் எப்படி என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்கும் பதில் தெரியவில்லை. என் சீனியர் சொன்ன ஆராய்ச்சியா கற்பித்தலா விஷயத்துக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

மலையோரம் எழுதியது:

தங்கச்சி, மூன்றுக்கும் நான் சொல்கிறேன். சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியர், என் பிஎச்டியும் மலை ஓடைகளில்தான்.

காப்புக்காட்டுக்குள் ஆய்வு செய்ய வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் உங்கள் பல்கலைக்கழகம் வழியாகப் போக வேண்டும், என்ன கருவி, எந்த இடம், எத்தனை நாள் என்று தெளிவாக எழுத வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதனால் பிஎச்டி பதிவான அன்றே அதைத் தொடங்குங்கள், கோர்ஸ் ஒர்க் முடிவதற்குள் அனுமதி கைக்கு வந்துவிடும். அதே நேரத்தில் காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்திலோ ஊராட்சிப் பாலத்தடியிலோ ஒரு அளவீட்டு இடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி தாமதமானாலும் முதல் மழைக்காலம் வீணாகாது.

பாதுகாப்புக்கு வழி உண்டு. தனியாகப் போகவே போகாதீர்கள். அந்த மலையில் இருக்கும் பழங்குடிக் கிராமத்திலிருந்து ஒருவரைக் கள உதவியாளராக, முறையான கூலியோடு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எந்த ஓடை எப்போது வற்றும், யானை எந்த வழியாக இறங்கும் என்பது தெரியும், உங்கள் ஆய்வேட்டில் அவர் பங்கையும் பெயரோடு எழுதுங்கள். மதியத்துக்குள் இறங்கிவிடுகிற மாதிரி நேரம் வையுங்கள். தானாகப் பதிவு செய்யும் நீர்மட்டக் கருவி ஒன்றிருந்தால் தினமும் ஏற வேண்டியதில்லை, தரவை இறக்கவும் நேரடி ஓட்டத்தை அளந்து சரிபார்க்கவும் மட்டும் போனால் போதும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னால் பெற்றோர் ஒத்துக்கொள்வார்கள், "பார்த்துக்கொள்வேன்" என்று மட்டும் சொன்னால் பயம்தான் வரும்.

இப்போது உங்கள் சீனியரின் பேச்சு. வாரம் 16 மணி நேரம் என்பது உண்மை. ஆனால் இரண்டில் ஒன்று என்பதை நான் ஏற்கவே மாட்டேன், காரணம் இந்தத் துறையின் வரலாறே வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்று ஒரு காடு. 1955இல் வனத்துறை அதை நீரியல் ஆய்வுக்கு ஒதுக்கியது. பக்கத்திலிருந்த டார்ட்மத் கல்லூரியில் பாடம் நடத்திய ஹெர்பர்ட் போர்மன் தன் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார். அடியில் பாறை, தண்ணீர் கீழே கசிந்து ஒளிய இடமில்லை, உள்ளே வருவது மழையில், வெளியே போவது ஓடையில், இரண்டையும் அளந்தால் ஒரு காட்டின் முழு வரவு செலவும் கிடைத்துவிடுமே என்ற யோசனை அவருக்கு வந்தது. 1960இல் அங்கிருந்த ஆய்வாளர் ராபர்ட் பியர்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஜீன் லைகன்ஸ், நோய் (Noye) ஜான்சன் சேர்ந்துகொள்ள 1963இல் வேலை தொடங்கியது. மழைநீரைச் சோதித்தபோதுதான் அது இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு அமிலமாக இருப்பது தெரிந்தது. வட அமெரிக்காவில் அமில மழை வெளிச்சத்துக்கு வந்தது இந்த ஓடைக்கரையில்தான். 1990இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியதற்குப் பின்னால் இப்படித் தொடர்ந்து அளந்த தரவு இருந்தது. மாணவர்களோடு களத்துக்குப் போன ஒரு ஆசிரியரிடமிருந்து இது தொடங்கியிருக்கிறது!

நம் ஊருக்கு வருகிறேன். எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லி, 2003இல் மறுபடியும் வலியுறுத்திய பிறகுதான் இளங்கலையில் எல்லோருக்கும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானது. யுஜிசி அப்போது கொடுத்த மாதிரிப் பாடத்திட்டம் 50 மணி நேரம், அதில் 5 மணி நேரம் களப்பணி. அந்த 5 மணி நேரம் எத்தனை கல்லூரியில் நடந்தது? எந்தத் துறையில் வேலைப்பளு குறைவோ அவர்கள் தலையில் இந்தத் தாளைக் கட்டிவிடுகிறார்கள், அவர்கள் நோட்ஸ் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பிகாம் மாணவனும் தமிழ் இலக்கிய மாணவியும் தங்கள் வாழ்க்கையில் சுற்றுச்சூழலை முறையாகப் படிக்கிற ஒரே வாய்ப்பு அது, அதை இப்படிப் பாழாக்குகிறோம். இந்த இடத்தில் களம் தெரிந்த ஒருவர் நின்றால் எவ்வளவு மாறும் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

வகுப்பில் என்ன செய்யலாம் என்று கேட்டால், மழைமானி ஒன்று போதும். கல்லூரி மைதானத்தில் வைத்து தினமும் காலை 8.30க்கு மாணவர்களையே படிக்கச் சொல்லுங்கள், வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுதான். ஒரு ஹெக்டேரில் 10 மி.மீ. மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைத் தங்கள் வளாகத்துக்கு அவர்களே போட்டுப் பார்த்த பிறகு, இவ்வளவு தண்ணீரும் எந்தச் சாக்கடை வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று அவர்களாகவே கேட்பார்கள். தேனி மாவட்டக்காரர்களுக்கு இன்னொரு நல்ல பாடம் கையிலேயே இருக்கிறது: மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் 1895இலிருந்து சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குள் வருகிறது. நீர்வடிப்பகுதியின் எல்லை என்றால் என்ன, அதை மனிதன் தாண்டினால் யாருக்கு என்ன ஆகிறது என்று விளக்க இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஊருணி எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் தொண்டு நிறுவனத்தில் நீர்வடிப்பகுதித் திட்டங்களில் வேலை செய்கிறேன். சகோதரி உடனே பிஎச்டி போக வேண்டாம், முதலில் ஒன்றிரண்டு வருடம் எங்களைப் போன்ற இடத்தில் வேலை செய்யட்டும்.

காரணம் இருக்கிறது. மேலே எல்லோரும் ஓடை, மலை, கருவி என்று பேசுகிறீர்கள். கீழே வந்தால் தண்ணீர் என்பது மனிதர்களுக்கு நடுவில் இருக்கிறது. எங்கள் பக்கம் கண்மாய்கள் சங்கிலித் தொடராக இருக்கின்றன, மேல் கண்மாய் நிறைந்து கலிங்கு (உபரிநீர் வழியும் இடம்) வழியாக விழுந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. மேல் ஊரில் திட்ட நிதி வந்தது என்று வரிசையாகத் தடுப்பணையும் பண்ணைக்குட்டையும் கட்டினால், மழை குறைந்த வருடத்தில் கீழ் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எட்டுவதே இல்லை. மேல் ஊர்க் கிணறு ஊறியதை வெற்றிக் கதையாக எழுதுகிறோம், கீழ் ஊரை யாரும் அளப்பதில்லை. திட்டத்தின் எல்லை ஒரு சிறிய நுண்நீர்வடிப்பகுதி, அதற்கு வெளியே நடப்பது யார் கணக்கிலும் வராது. இதைக் கேட்கிற ஆய்வாளர் எங்களுக்கு அவசரமாகத் தேவை. ஆனால் அந்தக் கேள்வி ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து, மடை திறப்பதில் நடக்கும் சண்டையைப் பார்த்த பிறகுதான் ஒருவருக்குச் சரியாக வரும்.

மழைமானி எழுதியது:

ஊருணி தம்பி சொல்லும் கீழ் ஊர் விஷயம் முழுக்க உண்மை. ஆனால் வேலைக்குப் போய்விட்டுப் பிறகு பிஎச்டி என்பதில் எனக்குத் தயக்கம். தேர்வுப் படிப்பு தொடர்பு விட்டுப்போனால் மறுபடி பிடிப்பது கஷ்டம். ஜேஆர்எஃபுக்கு வயது வரம்பு உண்டு, பெண்களுக்கு 5 வருடத் தளர்வு இருக்கிறது என்றாலும், வீட்டுச் சூழல் அதற்குக் காத்திருக்காது. நெட் முதலில். ஜேஆர்எஃப் வாங்கிவிட்டால் சேர்வதற்கு அவகாசம் இருக்கிறது, அந்த இடைவெளியில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கிராமத்தில் வேலை செய்யட்டும். அப்போது இரண்டும் கைகூடும்.

ஊருணி எழுதியது:

அந்த வரிசை எனக்குச் சம்மதம். நெட் எழுதிவிட்டு வரட்டும். கீழ் ஊரையும் சேர்த்து அளக்கிற தலைப்பாக எடுத்தால் ஊர்களில் அறிமுகம் செய்துவைக்க நான் தயார்.

வராகநதி எழுதியது:

வீட்டில் மழைமானி ஐயா சொன்ன உதவித்தொகைக் கணக்கையும், மலையோரம் அக்கா சொன்ன பாதுகாப்பு ஏற்பாடுகளையும் படித்துக் காட்டினேன். அப்பா ஒரு வருடம் நெட் தயாரிப்புக்குச் சம்மதித்துவிட்டார். அம்மா இன்னும் யோசிக்கிறார்.

தேர்வுக்குப் படிக்கும் இந்த வருடத்தில் கையில் பணமில்லாமல், காட்டுக்குள்ளும் போகாமல் ஏதாவது அளக்கத் தொடங்க முடியுமா? எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை போகிறது.

கலிங்கு எழுதியது:

முடியும். ஓடையின் குறுக்கே பாலமோ பழைய கல்கட்டோ இருந்தால், அதன் பக்கச் சுவரில் சென்டிமீட்டர் குறித்த அளவுகோல் ஒன்றை பெயிண்டில் வரைந்து, தினமும் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தை எழுதுங்கள். மழை பெய்யும் நாளில் மணிக்கு ஒரு தடவை. ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

தண்ணீர் மெலிந்த பிறகு, உங்கள் சொந்த நிலத்தில் ஓடும் பகுதியில் மேல் விளிம்பில் 90 டிகிரி வி வடிவம் வெட்டிய தகரப் பலகையை ஓடையின் குறுக்கே வைத்து அளக்கலாம். சூத்திரம் எளிது: வெட்டின் அடிமுனைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தை மீட்டரில் எடுத்து 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் விநாடிக்கு 4.4 லிட்டர் அளவில் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள், உயரத்தில் 5 சதவீதம் பிசகினால் ஓட்டத்தில் 12 சதவீதத்துக்கு மேல் பிசகும். அதனால் உயரத்தைப் பலகையின் மேலேயே அளக்காமல், தண்ணீர் வளைந்து விழத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேல்பக்கமாக, அமைதியாக நிற்கிற இடத்தில் அளக்க வேண்டும். பலகையின் இரண்டு ஓரத்திலும் அடியிலும் களிமண் வைத்து நன்றாக அடைத்துவிடுங்கள், கசிந்தால் கணக்கு பயன்படாது.

ஒரு வடகிழக்குப் பருவமும் ஒரு கோடையும் பதிவு செய்த நோட்டோடு கைடு முன்னால் போய் உட்காருங்கள். முதல் பக்கத்தில் ஓடையின் பெயர், இடம், அளவுகோல் வைத்த தேதி எல்லாம் எழுதிவிட்டு இன்றே ஆரம்பித்துவிடுங்கள். முதல் மாத அளவுகள் வந்ததும் இங்கே போடுங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.